சடை நாயும் நாய் வண்டியும்

செமஸ்டர் முடிந்தது. சினிமா, அரசியல் இரண்டுக்கும் இந்த முறை லீவு. இப்போது நாய். சிரிக்காதீர்கள் மக்களே, இதுவும் சரித்திரம்தான்.

ராயபுரத்தில் எங்கள் தெருவில் 11 வீடுகளில் நாய் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை வெட்டி இல்லாமல் எண்ணினேன். 7 வீட்டில் சடை நாய். 3 வீட்டில் பக், அதாவது 'ஹட்ச் நாய்'. மிச்சம் ஒன்று என்ன ஜாதி என்று அந்த நாய்க்கே தெரியாது :-)

இதில் பாதிக்கு மேல் ஒரே அறை, ஒரு அடுப்படி உள்ள வீடுகள். ஐந்து பேர் படுத்தால் ஆறாவது ஆள் வாசலில்தான் படுக்க வேண்டும். அந்த இடத்திலும் கட்டிலுக்கு அடியில் ஒரு குட்டி நாய்க்கு இடம் உண்டு. இது எப்போது ஆரம்பித்தது? எங்கள் ஆயாவைக் கேட்டேன். ஆயா நாயைப் பற்றிப் பேசவே இல்லை. நாய் வண்டியைப் பற்றித்தான் பேசியது. அப்போது எனக்கு அது சம்பந்தமில்லாத பேச்சாகத் தெரிந்தது. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, வடசென்னையில் வீட்டுக்குள் இருக்கும் குட்டி நாயின் கதையும் தெருவில் வந்த அந்த வண்டியின் கதையும் ஒன்றுதான் என்று.

முதலில் ஒரு விஷயம். மடியில் வைத்துக் கொஞ்சுகிற சின்ன நாய் என்று தமிழ்நாட்டுக்கு ஒரு சொந்த இனம் கிடையாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்தவை. கால் நீண்டவை, ஓட இடம் வேண்டும். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ப்பு நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். நான்கில் ஒன்றைக்கூட எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் திணிக்க முடியாது.

அப்படியென்றால் சின்ன நாய் வந்த வழி? கப்பல்தான். கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் நாய்களையும் கூட்டி வந்தார்கள். அவற்றைக் குளிப்பாட்ட, நடத்திக் கூட்டிப்போக என்று தனியாக ஒரு பையனையே வேலைக்கு வைத்தார்கள். இங்கே ஏற்கெனவே தெருவில் இருந்த நாய்க்கு அவர்கள் ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'பறையா நாய்'. பறை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, யாருக்கும் சொந்தமில்லாத நாய்க்குச் சூட்டிவிட்டார்கள். 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே அது இருக்கிறது. நாய்க்கும் அவமானம் இல்லை, மனிதனுக்கும் அவமானம் இல்லை, பெயர் வைத்தவனுக்குத்தான் அவமானம் என்பது என் கட்சி. ஆனால் இந்தப் பெயரோடு ஒரு கோடும் விழுந்துவிட்டது. உள்ளே இருப்பது 'பெட்', வெளியே இருப்பது 'தொல்லை'.

அந்தக் கோட்டின் மேல் நடந்த முதல் பெரிய சண்டை இங்கே இல்லை, பம்பாயில். 1832 ஜூன் மாதம். தெரு நாய்களைக் கொல்லச் சொல்லி உத்தரவு, ஒரு நாய்க்கு எட்டணா பரிசு. எட்டணா என்றால் ஆசை வராதா? வீட்டு வாசலில் படுத்திருந்த நாய்களையும் பிடிக்க ஆரம்பித்தார்கள். பார்சிகள் கொதித்துவிட்டார்கள். அவர்கள் மதத்தில் நாய்க்குத் தனி மரியாதை உண்டு. இறந்தவர் உடலை நாய் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது சடங்கு. கடையடைப்பு, ஊர்வலம், கலவரம் என்று போய், கடைசியில் பட்டாளத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ராயபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1910-ல் கட்டிய பார்சி அக்கினிக் கோயில் நம்ம ஏரியாவில்தான் இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம், ஆனால் ஒரு நகரத்தையே நாய்க்காக நிறுத்திய சனங்களின் கோயில் அது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னையில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்தது 1860-ல். ராயபுரம் ரயில் நிலையம் திறந்து நான்கே வருடம். அன்று ஆரம்பித்தது 1996 வரை நிற்கவில்லை. 136 வருடம்!

ஏன் கொன்றார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெறிநோய். இது வந்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம், இன்றைக்கும். பாஸ்டர் பிரான்சில் முதல் முறையாக ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டது 1885-ல். இந்தியாவில் அந்த வைத்தியத்துக்கு முதல் நிலையம் 1900-ல் கசௌலியில் வந்தது. கசௌலி எங்கே? சிம்லாவுக்குப் பக்கத்தில். தண்டையார்பேட்டையில் நாய் கடித்தால் இமயமலைக்கு ரயில் ஏற வேண்டும்! 1902-ல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் தென்னிந்தியாவில் வெறிநோயால் இறந்தார். அதற்குப் பிறகு ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதியை வைத்து 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். அப்போதுதான் நம்ம பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் அந்தப் பிரபலமான 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி'. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. வலி மட்டும் இல்லை, சில பேருக்கு அந்த மருந்தாலேயே நரம்புப் பிரச்னை வந்தது. 2004 கடைசியில்தான் இந்தியாவில் அதை நிறுத்தினார்கள். என் தலைமுறைக்குத் தெரிந்தது கையில் போடும் நாலைந்து ஊசி. எங்கள் அப்பா தலைமுறைக்கு நாய் என்றாலே அந்த 14 தான் ஞாபகம் வரும். வெறுமனே ஒரு கீறலுக்கும் பயந்து போய் தினமும் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற ஆட்கள் இருக்கிறார்கள். நாயைக் கண்டால் கல்லெடுக்கிற கை அந்தப் பயத்திலிருந்து வந்த கை.

சரி, ஆயா கதைக்கு வருவோம். இது 1970-கள்.

ஆயா வளர்த்தது ஒரு கறுப்பு நாய். தெருவில் பிறந்தது, சின்ன உடம்பு. பெயர் ஜிம்மி. (ஒரு சந்தேகம்: தமிழ் நாய்களுக்கு ஜிம்மி, டாமி, ரோஸி என்று இங்கிலீஷ் பெயர் வைத்தது யார்? ராயபுரம், பெரம்பூர் பக்கம் இருந்த ஆங்கிலோ-இந்தியன் வீடுகளிலிருந்து ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம். யாராவது ஆராய்ச்சி செய்யுங்கள்.) காலையில் நாய் வண்டி வரும். கம்பிச் சுருக்கோடு இரண்டு மூன்று பேர் இறங்குவார்கள். முதலில் பார்ப்பது பையன்கள்தான். 'வண்டி வருது! வண்டி வருது!' என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடுவார்கள். நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் ஓடி வந்து நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள். ஆயா ஜிம்மியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, முன்னால் அரிசி மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, குலைக்காமல் இருக்க வாயைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். கழுத்தில் பட்டை கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். பட்டை வாங்கக் காசு ஏது? பழைய பெல்ட்டை அறுத்துக் கட்டியது.

ஒரு நாள் ஆயா மீன் வாங்கக் காசிமேடு போயிருந்த நேரத்தில் வண்டி வந்துவிட்டது. பட்டை கட்டியிருந்தும் ஜிம்மி போய்விட்டது. 'பேசின் பிரிட்ஜுக்குக் கொண்டு போய்ட்டான்' என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். மின்சாரம். ஆயா போய்ப் பார்க்கவில்லை. 'போயி இன்னா பண்றது' என்றது. அவ்வளவுதான் சொன்னது. நானும் மேலே கேட்கவில்லை.

அந்த வருடங்களில் எத்தனை நாய்கள் செத்தன என்பதற்கு ஒரு தகவல் போதும். புளூ கிராஸைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். கொன்ற நாய்களின் தோல் அவ்வளவு குவிந்ததால், அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் அந்தத் தோலிலிருந்து கழுத்து டை, மணிபர்ஸ் செய்வதற்கு வடிவமைத்ததாம். முதல் தடவை படித்தபோது நான் நம்பவில்லை. திரும்பவும் படித்தேன்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லையா? அதுவும் ஒரு கூத்து. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கு வித்திட்டவர் நம்ம சென்னைக்காரர், கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். ராஜ்யசபாவில் தனிநபர் மசோதா கொண்டுவந்து அரசாங்கத்தை அசைய வைத்தவர். 1962-ல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் தலைவரும் அவரே, தலைமையகமும் சென்னையே. (2018-ல் அந்த அலுவலகம் ஹரியானாவுக்குப் போய்விட்டது.) அவ்வளவு நல்ல சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். எதெல்லாம் வதை என்று பட்டியல் போட்டுவிட்டு, கடைசியில் தெரு நாய்களைக் கொலைக்கூடத்தில் கொல்வது மட்டும் வதையில் சேராது என்று ஒரு விலக்கு. அதாவது ஜிம்மியை ஆயா அடித்திருந்தால் குற்றம். மாநகராட்சி கரண்ட் வைத்தால் குற்றம் இல்லை.

மாற்று வழி சொன்னது புளூ கிராஸ்தான். கேப்டன் வி.சுந்தரம் என்ற விமானி, 1959-ல் மழை வெள்ளத்தில் மாட்டிய நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்ததில் ஆரம்பித்த அமைப்பு. சின்னி கிருஷ்ணா அவர் மகன். 1964-லிருந்தே இவர்கள் மாநகராட்சியிடம் சொன்னது ஒன்றே ஒன்று: கொல்வதால் நாய் குறையவில்லை. கொன்ற இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வருகிறது, குப்பை அங்கேயே இருக்கிறது, குட்டி போடுகிறது. கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள், வெறிநோய் ஊசி போட்டு அதே தெருவில் விடுங்கள். இந்த எளிய கணக்கு மாநகராட்சிக்குப் புரிய 30 வருடத்துக்கு மேல் ஆனது. 1996-ல்தான் கொலையை நிறுத்திக் கருத்தடைத் திட்டத்துக்கு மாறினார்கள். வெறிநோயால் இறந்தவர்கள் 1996-ல் 120 பேர், 2003-ல் 5 பேர் என்பது புளூ கிராஸ் தரும் கணக்கு. 2001-ல் மத்திய அரசு இதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-ல் புது விதிகள் வந்தன, அடிப்படை அதேதான்.

ஆனால் திருவொற்றியூர், எண்ணூர் நண்பர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1996-ல் மாறியது சென்னை மாநகராட்சி. திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி. எண்ணூர் கத்திவாக்கம் நகராட்சியில் இருந்தது. இரண்டும் சென்னையோடு சேர்ந்தது 2011-ல்தான். நாய்க்கு நகராட்சி எல்லை தெரியுமா? டோல்கேட் பக்கம் ரோட்டைத் தாண்டினால் வேறு ஊர், வேறு ஆபீஸ். வெறிநோய் மட்டும் டோல் கட்டாமல் போய்வரும்.

இனி சடை நாய். நாம் 'பாமரேனியன்' என்று சொல்கிற அந்த வெள்ளை நாய் உண்மையில் பாமரேனியன் இல்லை. நிஜமான பாமரேனியன் இரண்டு மூன்று கிலோதான் இருக்கும். பால்டிக் கடலோரத்தில் பொமரேனியா என்ற பகுதியின் பெயர். அங்கேயிருந்த பெரிய நாயைச் சின்னதாக்கிப் பிரபலமாக்கியதில் விக்டோரியா ராணிக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம ஊர் சடை நாய் 'இந்தியன் ஸ்பிட்ஸ்'. ஜெர்மன் ஸ்பிட்ஸ் வம்சத்தை வைத்து வெள்ளைக்காரர்கள் காலத்தில் இங்கேயே வளர்த்தெடுத்தது. வெளிநாட்டிலிருந்து நாய் இறக்குமதி செய்ய முடியாத 1980, 90-களில் நடுத்தர வீடுகளில் கிடைத்த ஒரே 'ஃபாரின் நாய்' இதுதான். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபி என்று ஒன்று கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்குமே, அது இந்த இனம்.

வடசென்னைக்கு இது பொருந்தியதற்குக் காரணம் சினிமா மட்டும் இல்லை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்து அடுக்கு வீடுகள் எழும்பின. தெருவில் படுக்கிற நாய் மூன்றாவது மாடிக்கு வராது. சின்ன நாய் வரும். சோறு போட்டதைத் தின்னும், மோர் சாதமாக இருந்தாலும் சரி, யாராவது படியேறினால் குலைக்கும். மூர் மார்க்கெட்டில் கிளி, முயலோடு நாய்க்குட்டியும் விற்றார்கள். 1985-ல் அது எரிந்து போன பிறகு பிராட்வே ஞாயிறு சந்தை இருந்தது. எல்லாவற்றையும் விட முக்கியம், வெள்ளையாக, சடையாக இருக்கிற நாயைப் பார்த்தால் வண்டிக்காரன் வீட்டு நாய் என்று விட்டுவிடுவான். கறுப்பு ஜிம்மிக்கு பெல்ட் இருந்தும் கிடைக்காத மரியாதை, சடைக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. ஜிம்மிக்குப் பிறகு ஆயா வளர்த்தது எல்லாமே சடை நாய்தான். ஏன் என்று கேட்டால் 'அதுதான் அழகு' என்கிறது. எனக்கென்னவோ காரணம் அது மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

வளர்ப்பதிலும் நாம் பண்ணும் தப்புகளுக்குக் குறைவில்லை. மே மாதம் வந்தால் பாவம் வேர்க்குது என்று சடையை ஒட்ட மொட்டையடித்துவிடுகிறோம். நாய்க்கு உடம்பு முழுக்க நம்மைப் போல வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மிச்சமெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இரண்டடுக்கு முடி வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். சிக்கு எடுத்துச் சீவினாலே போதும், உண்ணியும் கண்ணில் படும்.

குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் பார்வோ. 1978 வாக்கில் உலகம் முழுக்கப் பரவிய புது வைரஸ், 80-களின் தொடக்கத்தில் இந்தியா வந்தது. ரத்தமாகப் பேதியாகி இரண்டு மூன்று நாளில் குட்டி முடிந்துவிடும். காலணியோடு வீட்டுக்குள் வரும் மண்ணில்கூட இருக்கும். எங்கள் பழைய குட்டி ஒன்று இப்படித்தான் போனது, ஊசி போடவில்லை. 'வீட்டை விட்டு வெளியவே போகாத நாய்க்கு எதுக்கு ஊசி' என்று நாங்கள் நினைத்தோம். தெரு நம் செருப்பில் வந்தது. அடுத்த குட்டிக்கு வேப்பேரி போனோம். 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. காலையில் அந்த வரிசையைப் பார்க்க வேண்டும். ஆட்டோவில் ஆடு, கூடையில் கோழி, காரிலிருந்து இறங்கும் லாப்ரடார், துண்டில் சுற்றிய சடை நாய். சென்னையில் பணக்காரனும் ஏழையும் பக்கத்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கவலையைப் பேசுகிற இடம் வேறு எது?

பக் கதை சின்னது. 2003-ல் ஹட்ச் விளம்பரம். ஒரு பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும் ஒரு சப்பை மூக்கு நாய். கம்பெனி பெயர் வோடஃபோன் ஆகிப் பல வருடம் ஆன பிறகும் நாய்க்கு மட்டும் ஹட்ச் பெயர் நிலைத்துவிட்டது. இளைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டிய பிராணிக்கு மூக்கையே சப்பையாக்கி வளர்த்தால் சென்னை வெயிலில் என்ன ஆகும்? தூங்கும்போது குறட்டை விடுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம், அது மூச்சுக்குப் போராடுகிறது. தமிழ்நாடு அரசின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை, பக் இனத்தை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாதவற்றில் சேர்த்தது. இருக்கிறவற்றை என்ன செய்வது? மத்தியானத்தில் வெளியே கூட்டிப்போகாதீர்கள், அவ்வளவுதான்.

எண்ணூர் பக்கம் இன்னொரு கவலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலோரத்தில் ஒரு உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, சனங்கள் தூக்கத்தில் எழுந்து ஓடினார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய். இந்த மாதிரி இடத்தில் நாய் வளர்த்தால் ராத்திரியில் சங்கிலியில் கட்டிவிட்டுத் தூங்காதீர்கள். ஓடுகிற நேரத்தில் அவிழ்க்க ஞாபகம் இருக்காது. கையில் தூக்கிக்கொண்டு ஓட முடிகிற அளவு இருப்பதுதான் சின்ன நாயின் பெரிய சௌகரியம்.

2025-ல் நாய் மறுபடி தலைப்புச் செய்தி ஆனது. ஆகஸ்டில் டெல்லித் தெரு நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம் 11 நாளில் அதைத் திருத்தி, ஊசியும் கருத்தடையும் முடிந்தவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு போன்ற இடங்களிலிருந்து அகற்றச் சொன்னது. சென்னை மாநகராட்சி வீட்டு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றது. உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். உரிமத்துக்கு 50 ரூபாய்தான், ஆனால் வெறிநோய் ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். எனக்கு இதில் எதிர்ப்பு இல்லை, ஊசி போட வைக்கிற எதுவும் நல்லதே. ஒன்றே ஒன்று. வாசலில் சோறு தின்கிற, யார் வீட்டுக்கும் முழுசாகச் சொந்தமில்லாத ஜிம்மிகளுக்கு யார் சான்றிதழ் வாங்குவது? எங்கள் தெருவில் ஐந்து இருக்கின்றன. இரண்டுக்குக் காதில் கருத்தடை அடையாள வெட்டு இருக்கிறது. மூன்றுக்கு இல்லை. எங்கள் வீட்டு நாய் மாடியிலிருந்து இறங்கினால் முதலில் மோந்து பார்ப்பது அந்த மூன்றைத்தான்.

போன வாரம் விண்ணப்பம் போட உட்கார்ந்தேன். 'வண்டி திரும்ப வருதாடா?' என்று ஆயா கேட்டது. இல்லை ஆயா, சும்மா பதிவுதான், கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி மாதிரி ஒரு சிப் வைப்பார்கள், பட்டை மாதிரி யாரும் கழற்ற முடியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்பவே வெச்சிருக்கலாம்' என்றது.

இனம் என்று கேட்ட இடத்தில் ஸ்பிட்ஸ் என்று போட்டேன். ஆயாவுக்கு அது பிடிக்கவில்லை. 'இன்னா ஸ்பிட்ஸு? பாமரேனியன்னு போடுடா.'